பழங்குடி மொழிக்கு ஒரு பட்டப்படிப்பு: வரைவு எழுதப் போகிறவர்களுக்கு

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்புகிறார். பழங்குடி மொழி, பண்பாடு பற்றி ஒரு பட்டப்படிப்பு தொடங்கத் துணைவேந்தருக்கு விருப்பம். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குள் வரைவு வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் இந்த வேலை யாரோ ஒருவர் தலையில் வந்து விழுகிறது. அவர் மொழியியலோ மானுடவியலோ நாட்டார் வழக்காற்றியலோ படித்தவராக இருப்பார். எம்.ஏ. தமிழ்ப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு தாள்களின் தலைப்பை மாற்றுவார்: மொழி வரலாறு, இலக்கணம், வாய்மொழி இலக்கியம், இனவரைவியல், கள ஆய்வு முறைகள், திட்டக் கட்டுரை. ஒரே இரவில் வரைவு தயாராகிவிடும். மூன்று ஆண்டு கழித்து அந்தப் படிப்பிலிருந்து வெளிவரும் மாணவர் தோடர் மொழியின் உயிரொலிகளைப் பற்றிப் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதுவார். நீலகிரியில் ஒரு தோடர் மந்துக்கு (குடியிருப்புக்கு)ப் போய் அவர்கள் மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

இத்தகைய படிப்புகள் உருப்படியாக நடக்கிற இடங்கள் உலகில் சில உண்டு. ஹவாய், நியூசிலாந்து, பின்லாந்தின் வடகோடி, நார்வே, கனடா. அவற்றைப் பார்த்த அளவில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மாணவர் அந்த மொழியில் எத்தனை மணி நேரம் வாய் திறந்து பேசினார் என்பதே முதல் கணக்கு. ஆசிரியர் நியமனம், கால அட்டவணை, மதிப்பூதிய பில், தேர்வு எல்லாவற்றையும் அந்தப் பேசும் மணிக்குத் தோதாக அமைக்க வேண்டும். கீழே சொல்வதையெல்லாம் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

முதலில்: யார் கேட்டார்கள்?

ஹவாயில் 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது. இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டில் பேசுவது நின்றுபோனது. 1978-இல் மாநில அரசியல் சட்டம் ஹவாய் மொழியை ஆட்சிமொழி என்று அறிவித்தபோது, அதைப் பேசும் குழந்தைகள் நீஹாவ் என்ற சின்னத் தீவில் ஏதோ கொஞ்சம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். 1983-இல் சில ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து ‘அஹா பூனானா லியோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கவாய் தீவின் கெக்காஹா ஊரில் முதல் பாலர் பள்ளி. அந்தக் குழந்தைகள் வளர வளர, 1987-இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழி வகுப்புகள். அந்த வகுப்புகளுக்கு ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும் என்று நெருக்கடி முற்றிய பிறகு, 1997-இல் ஹீலோவில் உள்ள ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹவாய் மொழிக்கென்றே ஒரு கல்லூரி: ‘கா ஹாக்கா உலா ஓ கேயெலிகோலானி’. ஆங்கிலம் பேச மறுத்த ஓர் இளவரசியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பாலர் பள்ளி, பள்ளி, அதற்குப் பிறகே கல்லூரி. மக்களுக்கு ஏற்கெனவே இருந்த ஒரு தேவை பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியது. நம் ஊரில் வேலை மேலிருந்து கீழே வருகிறது. அதனால் அது கெட்டுப்போக வேண்டியதில்லை. ஆனால் வரைவில் ஒரு வரி எழுதும் முன் ஊருக்குப் போக வேண்டும்.

போனால் சங்கச் செயலாளரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகிறவர், தமிழோ இந்தியோ சரளமாகப் பேசுகிறவர், ஏற்கெனவே நாலு ஆய்வாளர்களைப் பார்த்துப் பழகியவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருடைய விருப்பம் ஊரின் விருப்பம் என்று நினைத்துவிட்டால் மட்டும் சிக்கல். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். குழந்தையோடு எந்த மொழியில் பேசுவது என்பதை முடிவு செய்கிறவர்கள் அவர்கள். வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களிடம் கேளுங்கள். சடங்கு நடத்தும் பெரியவரிடம் கேளுங்கள். “படிப்பு வேண்டாம், எங்கள் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிக்கு எங்கள் மொழி தெரிந்த டீச்சர் ஒருவர் வேண்டும்” என்று சொன்னால், அதுவே உங்கள் படிப்பின் வடிவம். பாடத்திட்டக் குழுவில் ஊர்க்காரர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். பார்வையாளராக உட்கார வைக்காமல் வாக்குரிமையோடு. இதை வரைவிலேயே எழுதுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

பிறகு: வயதுக் கணக்கு

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதைவிட, எந்த வயதுக்காரர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்பது முக்கியம். நியூசிலாந்தின் ஓட்டாக்கி வட்டாரத்தில் மூன்று மாவோரிக் குலங்கள் 1975-இல் இந்தக் கணக்கை எடுத்தன. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் மாவோரியில் உரையாடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று வந்தது. அந்த ஒரு வரியிலிருந்துதான் 2000-ஆம் ஆண்டு வரையிலான ஒரு தலைமுறைத் திட்டத்தையும், 1981-இல் ‘தே வானாங்கா ஓ ரவுகாவா’ என்ற தங்கள் சொந்த உயர்கல்வி நிறுவனத்தையும் அவர்கள் எழுப்பினார்கள்.

நம் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி உட்கார முடியாது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை அது தனியே வெளியிடுவதில்லை. நீலகிரியின் தோடரும் கோத்தரும் அந்தப் பட்டியலில் ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதுதான். கேள்வி எளிது: பாட்டி பேரனிடம் எதில் பேசுகிறார்? அம்மா குழந்தையை எதில் திட்டுகிறார்? அண்ணன் தம்பி சண்டை எதில் நடக்கிறது? “உங்களுக்கு உங்கள் மொழி தெரியுமா” என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள்.

விடையைப் பொறுத்துப் படிப்பு தலைகீழாக மாறும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் பேசப்படும் குடுக் மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 கணக்குப்படி சுமார் இருபது லட்சம் பேர் பேசுகிறார்கள். மாணவர் வீட்டிலிருந்தே மொழியோடு வருவார். அவருக்கு வேண்டியது அந்த மொழியில் அறிவியலும் கணக்கும் வரலாறும் எழுதவும் கற்பிக்கவும் தெரிவது. பாட்டிகள் மட்டும் பேசும் மொழியென்றால் மாணவர் வெறுங்கையோடு வருவார். மொழியை ஊட்டுவதே படிப்பின் பெரும்பகுதி. இந்த இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டத்தைப் போடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். இடைநிலையும் உண்டு: புரியும், பேச வாய் வராது. பேசினால் யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம். அவர்களுக்குப் பாடத்தைவிடப் பேசிப் பழகத் துணைதான் முதலில் வேண்டும்.

வேலை

படித்தவர் எங்கே போவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தாள்களைப் பிறகு. இனாரி சாமி என்ற மொழி பின்லாந்தின் வடக்கில் ஓர் ஏரியைச் சுற்றிப் பேசப்படுவது. பேசுவோர் நானூறு பேருக்குள். 1997-இல் அங்கே குழந்தைகளுக்கான மொழிக்கூடு, அதாவது அந்த மொழியிலேயே பேசி வளர்க்கும் பாலர் பள்ளி, தொடங்கினார்கள். முதியவர்கள் இருந்தார்கள், குழந்தைகள் வந்துவிட்டார்கள், நடுவயதுத் தலைமுறையைக் காணவில்லை. வேலை பார்க்கும் வயதுக்காரருக்கு மொழி தெரியாததால் டீச்சர், செவிலியர், செய்தியாளர் என யாரும் கிடைக்கவில்லை. 2009-10-இல் பதினேழு பெரியவர்களுக்கு ஓராண்டு முழுநேரப் படிப்பு நடத்தினார்கள். ஆள் எடுத்த விதம்தான் அழகு. ஊருக்கு எந்தத் தொழில்களில் மொழி தெரிந்தவர் தேவையோ அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களைத் தேடிப் பிடித்து மொழியைக் கொடுத்தார்கள். வேலை இல்லாதவருக்கு மொழி கொடுத்து அவரை வேலை தேட விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கே இதற்கு ஒரு காகித வேலை உண்டு. புதுப் பெயரில் ஒரு பட்டம் தொடங்கினால், அரசு வேலைக்கு அது எந்தப் பட்டத்துக்கு இணை என்று அரசாணை வர வேண்டும். வராவிட்டால், நான்கு ஆண்டு படித்த பிள்ளை சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று அழும். படிப்பு தொடங்கும் நாளிலேயே இணைத்தன்மைக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் பழங்குடி மற்றும் வட்டார மொழி என்றொரு பாடம் இருக்கிறது. சந்தாலிக்குத் தனியாகவே உண்டு. உங்கள் தாள்கள் அந்தப் பாடத்திட்டத்தோடு எந்த அளவு பொருந்துகின்றன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மணிக்கணக்கு

இனி நான் சொல்லவந்த இடம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. ஒரு விரிவுரை கிரெடிட் என்றால் 15 மணி நேரம். நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 60 மணி. மொழிக்கென்று ஆறு தாள் போட்டால் 360 மணி. பார்க்க நிறையத்தான் இருக்கிறது.

வகுப்பில் முப்பது பேர். ஆசிரியர் ஒரு சொல்கூடப் பேசாமல் நேரம் முழுவதையும் மாணவருக்கே பங்கு போட்டுக் கொடுத்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். 360 மணிக்கு 720 நிமிடம். அதாவது மூன்று ஆண்டில் பன்னிரண்டு மணி நேரம். பட்டம் வாங்கும் மாணவர் ஒரு மொழியில் பேசிய மொத்த நேரம், ஒரு பகல் பொழுது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கிறது. ஸ்பானிஷ் போன்ற நெருங்கிய மொழிக்கு 600 மணிக்கு மேல், தமிழுக்குச் சுமார் 1,100 மணி என்று வைத்திருக்கிறார்கள். அதுவும் சின்னச் சின்ன வகுப்புகளில், சம்பளம் கொடுத்து, வேறு வேலை இல்லாமல். தமிழ் தெரிந்தவர் கோத்தர் மொழியைக் கற்க அத்தனை மணி ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். ஆனாலும் பன்னிரண்டு மணியில் யாருக்கும் எந்த மொழியும் வந்ததில்லை.

வழி என்ன? விதியிலேயே ஓர் இடம் இருக்கிறது. விரிவுரைக்கு ஒரு கிரெடிட் 15 மணி என்றால், செய்முறைக்கு ஒரு கிரெடிட் குறைந்தது 30 மணி. மொழித் தாள்களை விரிவுரை என்று போடாதீர்கள். வேதியியல் துறை ஆய்வகத்துக்குப் போடுவதுபோல் செய்முறை என்று போடுங்கள். எட்டுத் தாள், ஒவ்வொன்றும் நான்கு கிரெடிட், ஆக 32 கிரெடிட்டில் 960 மணி கிடைக்கிறது. செய்முறை என்றதும் குழுவாகப் பிரிக்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது; ஐந்து பேருக்கு ஒரு பேசுநர் என்று கேட்கலாம். விரிவுரை என்று போட்டிருந்தால் “அறுபது பேரை ஒரே அறையில் உட்கார வையுங்கள்” என்பார்கள்.

அதற்கு மேல், மூத்தவரோடு தனியே இருக்கும் நேரம். கலிபோர்னியாவில் 1992 முதல் ஒரு முறை நடக்கிறது: மொழி தெரிந்த முதியவர் ஒருவர், கற்க வரும் இளையவர் ஒருவர். இருவரும் வாரத்துக்குப் பத்து முதல் இருபது மணி சேர்ந்து இருப்பார்கள். ஆங்கிலம் பேசுவதில்லை. பாடமும் இல்லை, சமைப்பார்கள், துணி துவைப்பார்கள், கடைக்குப் போவார்கள், அதையெல்லாம் அந்த மொழியில் பேசிக்கொண்டே செய்வார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் இந்த முறையை மொழி மீட்புப் படிப்புக்குள் கிரெடிட்டோடு சேர்த்துக்கொண்டது. செமஸ்டருக்குப் பதினைந்து வாரம், ஆண்டுக்கு முப்பது. வாரம் பத்து மணி என்று இரண்டு ஆண்டு வைத்தால் 600 மணி. அத்தனையும் மாணவர் வாய் திறந்து பேசியே ஆக வேண்டிய மணி.

வரைவில் ஓர் அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு தாளுக்கும் எதிரே, ஒரு மாணவர் பேசும் மணி எவ்வளவு என்று ஒரு பத்தி. இந்தப் பத்தியைப் பாடத்திட்டக் குழுவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காத கணக்கைக் காட்டினால் எதிர்க்கவும் தெரியாது.

ஆசிரியர் யார், அவருக்குச் சம்பளம் எப்படி

ஹவாய்ப் பாலர் பள்ளிகள் தொடங்கியவுடனே முட்டிக்கொண்டது இங்கேதான். மொழியைப் பிறப்பிலிருந்து பேசும் முதியவர்களிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இருப்பவர்களுக்கு மொழி தெரியாது. மாநில விதி சான்றிதழைக் கேட்டது. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடி 1986-இல் அந்த விதியைத் தளர்த்த வைத்தார்கள்.

நம் விதியில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. மானியக் குழுவின் 2022 நெறிமுறைப்படி, தன் துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரைக் கல்வித்தகுதி கேட்காமல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்று அமர்த்தலாம். அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து விழுக்காடு வரை. ஓய்வு பெற்ற நிறுவன அதிகாரிகளை மனத்தில் வைத்து எழுதிய விதியைப்போலத்தான் தோன்றும். எழுபது வயதுக் கோத்தப் பாட்டிக்கு அது பொருந்தாது என்று விதியில் எங்கும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்று ஆட்சிக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பணி நீட்டிப்போடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் ஒருவரை வைத்திருக்க முடியாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அதற்குள் அடுத்தவரைத் தயார் செய்ய வேண்டும்.

பதவியைவிடப் பெரிய தலைவலி பில். மூத்தவர் ஒருவர் மலையிலிருந்து காலை ஆறு மணி பஸ் பிடித்து வந்து மூன்று மணி நேரம் மாணவரோடு இருந்துவிட்டுப் போகிறார். அலுவலகம் கேட்பது: பான் அட்டை நகல், வங்கிப் பாஸ்புத்தக முதல் பக்கம், பயணச்சீட்டு அசல், வருகைச் சான்று, முன்பணம் வாங்கியிருந்தால் அதற்குத் தனிப் படிவம். பஸ் டிக்கெட் வெயிலில் அச்சு அழிந்து வெள்ளைத் தாளாகிவிட்டது, தணிக்கை ஏற்காது. அவர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புத்தகத்தில் ஒரு மாதிரி. இரண்டு செமஸ்டர் பணம் வராது. மூன்றாவது செமஸ்டரில் அவர் வர மாட்டார். கோபித்துக்கொண்டு சொல்லவும் மாட்டார், “உடம்பு முடியவில்லை” என்பார். உங்கள் 600 மணி அங்கே போயிற்று.

ஆகவே வரைவின் நிதிப்பகுதியில் மூன்று விஷயங்களை எழுதி ஒப்புதல் வாங்குங்கள். மாதத் தொகையாக ஊதியம். மணிக்கணக்கு மதிப்பூதியம் கூடாது. பயணத்துக்கு வாகனம், இல்லையேல் ரசீது கேட்காத நிலையான பயணப்படி. இந்தத் தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலக உதவியாளர், முடிந்தால் அந்த ஊர்ப் பிள்ளை. முனைவர் பட்டம் பெற்றவருக்குக் கொடுக்கும் தொகையை மூத்தவருக்கும் கொடுங்கள். நிதி அலுவலர் புருவத்தை உயர்த்துவார். வகுப்பறையில் அந்த மொழி தெரிந்தவர் அந்த மூத்தவர் ஒருவர்தான் என்பதை நினைவூட்டுங்கள்.

இன்னொரு வழி, வகுப்பையே ஊருக்குக் கொண்டுபோவது. ஓட்டாக்கியில் மாணவர்கள் மராய் எனப்படும் ஊர்ப் பொதுக்கூடத்தில் தங்கிப் படிக்கும் முகாம்கள் படிப்பின் அங்கம். முதியவரை நகரத்துக்கு இழுப்பதைவிட இருபது மாணவர்களை ஊரில் தங்கவைப்பது செலவும் குறைவு, பேச்சும் அதிகம்.

வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும்

முதல் செமஸ்டரில் இலக்கணம் வேண்டாம். நியூசிலாந்தில் 1970களின் இறுதியில் காத்தரீனா மத்தாயிராவும் ஙோய் பேவைராங்கியும் உருவாக்கிய ‘தே ஆத்தாராங்கி’ முறையைப் பாருங்கள். தரையிலோ மேசையிலோ சிறு வண்ணக் குச்சிகள். கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பயன்படும் அதே குச்சிகள். ஆசிரியர் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சொல்கிறார்: குச்சி. சிவப்புக் குச்சி. சிவப்புக் குச்சியை எடு. நீலக் குச்சிக்குப் பக்கத்தில் வை. அவளிடம் கொடு. அவள் எனக்குக் கொடுத்தாள். பத்துக் குச்சிகளுக்குள் எண், நிறம், இடம், ஏவல், காலம் எல்லாம் வந்துவிடுகின்றன; ஆங்கிலம் ஒரு சொல் இல்லை. விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் விடை சொல்லித் தரக் கூடாது. நம் வகுப்பறையில் முன்வரிசைக்காரர்கள் திக்குகிறவனை ஒருபோதும் முடிக்க விடுவதில்லை.

பண்பாட்டுக்கென்று தனித் தாள் போடுவது தேவையில்லை என்பது என் கட்சி. இனாரியின் ஓராண்டுப் படிப்பில் மீன்பிடித்தல், சமையல், கைவினை எல்லாம் மொழி நேரமாகவே நடந்தன. உறைந்த ஏரியில் துளை போட்டு வலை இறக்கும்போது, வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் பனியின் ஒவ்வொரு வகைக்கும் பெயர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வலை சிக்கிக்கொள்ளும். நார்வேயில் கவுட்டோகெய்னோ ஊரில் 1989-இல் தொடங்கிய, சாமி மக்களின் உயர்கல்வி நிறுவனத்தில் கலைமான் வளர்ப்பும் மரபுக் கைவினையும் பட்டப் பாடங்கள். அலுவலகக் கடிதங்கள்கூடச் சாமி மொழியில். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தின் பழங்குடி, வட்டார மொழித் துறை ஒன்பது மொழிகளுக்காக உருவானது. அதை வளர்த்த ராம்தயாள் முண்டா சிகாகோவில் ஆய்வு செய்த மொழியியலாளர், பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பாட்டும் ஆட்டமும் முழவும் படிப்பின் பகுதி என்று இருந்தவர். நீலகிரியில் ஒரு படிப்பு வந்தால், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியைப் பற்றி விரிவுரை கேட்பதைவிட, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்களோடு அவர்கள் மொழியில் வம்பு பேசுவது நூறு மடங்கு பயன்.

கால அட்டவணையை ஊரின் காலத்தோடு ஒத்துப் பாருங்கள். அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களிடம், கொயோட்டி என்ற நரி போன்ற விலங்கின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஜூலையில் வரும் செமஸ்டருக்குக் ‘கதை மரபு’ என்று தாள் போட்டால் கதை சொல்ல ஆள் கிடைக்காது. அரிசோனாவில் அவர்களே 1968-இல் நிறுவிய டினே கல்லூரி போன்ற இடங்களில் இது யாரும் விளக்கத் தேவையில்லாத விஷயம். நமக்கு விளக்கினாலும் செமஸ்டர் தேதி மாறாது. ஆகவே எந்தத் தாள் எந்தப் பருவத்தில் என்பதையாவது ஊரைக் கேட்டு வையுங்கள்.

சொல்லித் தரக் கூடாதவையும் உண்டு. தோடர்களின் பால்மடக் கோயில்களுக்குள் பெண்களும் வெளியாரும் போவதில்லை. அங்கே சொல்லும் வழிபாட்டுச் சொற்கள் வகுப்பறைக்கு உரியவை அல்ல. மொழியியலாளர் எம். பி. எமனோ 1935 முதல் சில ஆண்டுகள் நீலகிரியில் தங்கித் தோடர் பாடல்களையும் கோத்தக் கதைகளையும் பதிவு செய்தார். அச்சில் இருக்கிறது என்பதாலேயே எதையும் பாடமாக வைத்துவிடலாம் என்றில்லை. எது வெளியே, எது உள்ளே என்ற பட்டியலை ஊரே தரட்டும். காரணம் கேட்காதீர்கள்.

எழுத்து

இதில் ஓராண்டை வீணாக்கியவர்கள் ஏராளம். குடுக்குக்குத் தேவநாகரியா அதற்கென்றே உருவான தோலோங் சிக்கி எழுத்தா, சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஒல் சிக்கியா வேறா என்பதெல்லாம் அந்தந்த மக்கள் தீர்த்துக்கொள்ளும் வழக்கு. தோடர் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பல ஒலிகள் ஒன்றாகிவிடும். அதற்குக் குறிகள் சேர்க்கலாம். மாணவர் பேசத் தொடங்க எழுத்து முடிவாக வேண்டியதில்லை. புதுச்சொல் வேண்டுமானால், ஹீலோவில் இருப்பதுபோல முதியவரும் ஆசிரியரும் சேர்ந்து உட்காரும் ஒரு சொற்குழு போதும். மொழியியல் பேராசிரியர் தனியாக உட்கார்ந்து ‘கணினி’க்குச் சொல் செய்ய வேண்டாம்.

ஒலிப்பதிவு யாருடையது

படிப்பு நடக்க நடக்க நூற்றுக்கணக்கான மணிப் பதிவுகள் சேரும். வழக்கமான விதிப்படி அது பல்கலைக்கழகச் சொத்து. அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடிப் பேரவை, தங்கள் மூத்தவர்களிடம் லகோட்டா மொழியைப் பதிவு செய்து பாடநூலாக்கி விற்ற ஓர் அமைப்பைத் தங்கள் நிலத்துக்குள் வரக் கூடாது என்று 2022-இல் தீர்மானம் போட்டு விலக்கியது. பாட்டியின் குரலைப் பேத்தி விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதே சண்டை. கனடாவின் முதற்குடிகள் 1998 முதல் நான்கு உரிமைகளைச் சொல்லி வருகிறார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம். உங்கள் ஒப்பந்தத்தில் இந்த நான்குக்கும் ஒவ்வொரு வரி இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன கைவசம்தான் எளிதில் மறந்துபோவது: பதிவின் ஒரு பிரதி ஊரில், ஊர்க்காரர் திறந்து கேட்கக்கூடிய கருவியில் இருக்க வேண்டும். மாணவரின் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றும் கட்டாய விதிக்கும் இதில் விலக்குக் கேளுங்கள்.

தேர்வும் ஒப்புதலும்

மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வந்துவிட்டால் மேலே சொன்னதெல்லாம் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். எதற்குத் தேர்வு வைக்கிறோமோ அதைத்தான் மாணவர் படிப்பார், அதைத்தான் ஆசிரியர் நடத்துவார். எழுபது விழுக்காடு வாய்மொழித் தேர்வு என்று செய்முறைத் தாள் விதியில் கேட்டால் கிடைக்கும். புறத்தேர்வாளராக இன்னொரு ஊரின் மூத்தவரை அழையுங்கள். தேர்வாளர் பட்டியலில் சேர்க்கத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் முன் அனுமதி வேண்டும், இரண்டு மாதம் ஆகும். தேர்வு இப்படி இருக்கலாம்: முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்கு மாணவர் போகிறார். அரை மணி நேரம் இருந்துவிட்டு வருகிறார். வீட்டுக்காரர் மூன்று கேள்விக்கு விடை சொல்கிறார்: புரிந்ததா, மரியாதையாகப் பேசினானா, மறுபடி வரச் சொல்வீர்களா.

ஒப்புதல் பாடத்திட்டக் குழு, கல்விக்குழு, ஆட்சிக்குழு என்று மூன்று படி. நேராகப் பட்டத்துக்குப் போகாமல் ஓராண்டுச் சான்றிதழில் தொடங்கி, பட்டயம், பட்டம் என்று ஏறும் ஏணியாக வரைவை அமையுங்கள். முதலாண்டோடு நின்றவரும் ஒரு தாளோடு வீட்டுக்குப் போவார், பள்ளி ஆசிரியர்களும் வேலையை விடாமல் சேர முடியும். சேர்க்கையில் அந்த மக்களுக்குப் பாதி இடமாவது ஒதுக்குங்கள், கட்டணம் இல்லாமல்.

எல்லாம் முடிந்தபின் ஒரு விதி எழுந்து நிற்கும்: குறைந்தது பதினைந்து பேர் சேராவிட்டால் படிப்பு நடத்தக் கூடாது, அல்லது இருபது பேர், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண் மாறும். சில ஆயிரம் பேரே பேசும் மொழிக்கு ஆண்டுதோறும் இருபது பேர் எங்கிருந்து வருவார்கள்? ஓட்டாக்கி நிறுவனம் 1981-இல் தன் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த மாணவர் இரண்டு பேர். 1993-இல் அரசு அதை முறைப்படி அங்கீகரித்தது. இந்த எண்ணிக்கை விதியிலிருந்து முதல் ஐந்து ஆண்டுக்கு விலக்கு வேண்டும் என்று வரைவின் முதல் பக்கத்திலேயே எழுதி, ஆட்சிக்குழுத் தீர்மானத்தில் அந்த வரி அப்படியே வந்திருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள். முதல் ஆண்டில் ஏழு பேர் சேர்ந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.